ரெட் ரோட்டிலிருந்து மரைன் டிரைவ் வரை

கொல்கத்தாவுக்குக் குளிர்காலம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளங்கள் இரண்டு. மிட்டாய்க் கடைகளில் நொலேன் குர் என்கிற புது ஈச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷ் வந்து உட்கார்ந்துவிடும். வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே எட்டிப் பார்த்த மாத்திரத்தில் நடுத்தர வயது வங்காளிகள் எல்லோரும் தலை, காது, கழுத்து மூன்றையும் மூடும் கம்பளிக் குல்லாவுக்குள் புகுந்துகொள்வார்கள். 'மங்கி கேப்' என்று அவர்களே அதைக் கேலி செய்வார்கள். ஆனால் கழற்ற மாட்டார்கள். 2014 முதல் மூன்றாவது அடையாளம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. டிசம்பர் நடுவில் ஒரு ஞாயிறு விடிகாலை, மைதானத்தை ஒட்டிய ரெட் ரோட்டில் கம்பளிக் குல்லாக்களுக்கு நடுவே அரைக்கால் சட்டைகள் கூடுகின்றன. கோவிட் ஆண்டுகள் நீங்கலாக வருடம் தவறாமல் நடக்கும் 25 கி.மீ. ஓட்டம்.

வேகமாக ஓட இதைவிடத் தோதான சாலை நாட்டில் குறைவு. இரண்டாம் உலகப் போரின்போது போர் விமானங்கள் இறங்கி ஏறிய சாலை இது. தளம் எப்படி நேராகவும் சமமாகவும் இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் வில்லியம் கோட்டை, கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி, தெற்கே பனிமூட்டத்தில் பாதி கரைந்து நிற்கும் விக்டோரியா நினைவகம். காற்றில் புகை கொஞ்சம் கலந்திருக்கும். ஆனாலும் 15 டிகிரி குளிர் கால்களுக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது. ஓடி முடித்து, மண் குவளையில் டீயைக் கையில் வாங்கியதும் எல்லோரும் செய்கிற முதல் காரியம் மணிக்கட்டைப் பார்ப்பது. அடுத்த காரியம் மனக்கணக்கு. இங்கே இந்த வேகம் என்றால், மும்பையில்?

ஏனென்றால் கூட்டத்தில் கணிசமானவர்களுக்கு இது ஒத்திகை. மும்பை மாரத்தான் பொதுவாக ஜனவரியின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. இரண்டுக்கும் இடையே நான்கு வாரம், சில ஆண்டுகளில் ஐந்து. 2024-இல் கொல்கத்தா ஓட்டம் டிசம்பர் 15 அன்று நடந்தது; மும்பை அடுத்த ஆண்டு ஜனவரி 19. இந்த இடைவெளியும் காலியாக இருப்பதில்லை. ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை 10 கி.மீ. ஓட்டங்கள் முளைக்கின்றன. புத்தாண்டு ஓட்டம், பொங்கல் ஓட்டம், சங்கராந்தி ஓட்டம். சட்டையும் பதக்கமும் இலவசம். அதாவது கட்டணத்தில் சேர்த்தி.

பெரிய ஓட்டத்துக்கு முன்னால் சின்ன ஓட்டம் ஒன்றில் போட்டியிடலாமா கூடாதா என்ற கேள்வி, ஓடாதவர்களுக்குத் தமாஷாகத் தோன்றலாம். ஆறு மாதம் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்தவருக்கு அது தமாஷ் அல்ல. கல்யாண விருந்துகளைத் தவிர்த்து, ஞாயிறுகளைத் தியாகம் செய்து, வீட்டாரின் பொறுமையைக் கடனாக வாங்கி அவர் சேர்த்து வைத்த முதல் அது. அதை ஒரே காலைப்பொழுதில் ஒரு தசைப்பிடிப்புக்குக் கொடுத்துவிடவும் முடியும். அல்லது அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைத்து, பந்தய நாளில் பயந்த கால்களோடு போய் நிற்கவும் முடியும்.

ரெட் ரோடே ஒரு பதில் வைத்திருக்கிறது. 2023 டிசம்பர் 17 அன்று இங்கே பெண்கள் பிரிவில் வென்றவர் எத்தியோப்பியாவின் சுதுமே அசெஃபா கெபெடே. நேரம் 1 மணி 18 நிமிடம் 47 வினாடி. நான்கே வாரத்தில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் அரை மாரத்தானை 1:04:37-இல் வென்றார். அதற்கு ஏழு வாரம் கழித்து, 2024 மார்ச் 3 அன்று டோக்கியோ மாரத்தானில் முதலிடம். 2:15:55, அந்தப் பந்தயத்தின் சாதனை நேரம். படிக்கட்டு மாதிரி மூன்று ஓட்டங்கள். ஆனால் படிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். ஓடுவதே வேலையாக உள்ளவர், பிற்பகலில் தூங்க முடிந்தவர், ஏழு வாரம் எடுத்துக்கொள்கிறார். நம் ஆள் ஏழு நாளில் முடித்துவிடப் பார்க்கிறார்.

எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்பதற்கு ஓட்டக்காரர்களிடையே ஒரு நாட்டு வைத்தியக் கணக்கு உண்டு. நியூசிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர் சொன்னதாக வழங்குவது. 1974 காமன்வெல்த் போட்டியில் 41 வயதில் 2:11:19-இல் ஓடி வெள்ளி வென்ற மனிதர். வயதானபின் உடம்பு எப்படித் தேறுகிறது என்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பந்தயத்தில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள். அதுவரை மறுபடி பந்தயம் கிடையாது. அந்தக் கணக்கில் 10 கி.மீ.க்கு ஏறக்குறைய ஒரு வாரம், அரை மாரத்தானுக்கு 13 நாள், கொல்கத்தாவின் 25 கி.மீ.க்கு 16 நாள். விஞ்ஞானம் இல்லைதான். ஆனால் விஞ்ஞானம் சொல்வதற்கு அதிக தூரத்திலும் இல்லை. பந்தயத்தில் காலியாகும் தசையின் சர்க்கரைச் சேமிப்பு ஒன்றிரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் நிரம்பிவிடும். தசை நார்களில் விழும் நுண்ணிய கிழிசல்கள் ஆற அதைவிட அதிகநாள் பிடிக்கும்; அவை வலியாகத் தெரியாமல் போவதும் உண்டு. ஆக, ரெட் ரோட்டில் முழு மூச்சோடு ஓடியவருக்கும் மும்பைக்குள் கால் தேறிவிடும். சிக்கல் காலில் இல்லை. தலையில்.

கொல்கத்தாவிலிருந்து மும்பைக்கு விமானம் இரண்டரை மணி நேரம். கீதாஞ்சலி எக்ஸ்பிரஸில் போனால் ஒரு பிற்பகல், ஒரு முழு இரவு, அடுத்த நாள் முழுப் பகல். 1977-இல் வகுப்பு வேறுபாடு இல்லாத ரயிலாக விடப்பட்டது. பிற்பாடு குளிர்சாதனப் பெட்டிகள் சேர்ந்து மற்ற ரயில்களைப் போல ஆகிவிட்டது. கிட்டத்தட்ட 2,000 கி.மீ. தாண்டி அது வந்து நிற்கும் இடம் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ். மாரத்தான் தொடங்குவது அந்த நிலையத்தின் எதிரே. ரயிலில் வருபவர்களுக்கு ஒரு சௌகரியம்: வழி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் இறங்கியதும் முகத்தில் அடிக்கிற காற்று வேறு. ஜனவரியில் மும்பைக்காரர்கள் குளிர் என்று சொல்வது விடிகாலை 17, 18 டிகிரியை. அதோடு கடலின் ஈரம். பத்து மணிக்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். நண்பகலைத் தாண்டி 30 டிகிரியைத் தொடுவது சர்வ சாதாரணம்.

ஜனவரி முதல் இரண்டு வாரம் மரைன் டிரைவ் ஒரு திறந்தவெளிப் பல்கலைக்கழகம். நாரிமன் பாயின்ட்டிலிருந்து சௌபாத்தி வரை வளையும் அந்தக் கடலோர நடைபாதையில் விடிவதற்குள் நூற்றுக்கணக்கானோர் போகிறார்கள், வருகிறார்கள். இடையிடையே கடல் சுவரில் உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். டோம்பிவிலியிலிருந்தும் விராரிலிருந்தும் முதல் லோக்கலைப் பிடித்து வந்தவர்கள், கஃப் பரேடிலிருந்து நடந்தே வந்தவர்கள், எல்லோருக்கும் அந்தப் பதினைந்து நாள் ஒரே பேச்சுதான்.

ஒரு கோஷ்டி வீரர் ரகம். கடைசி ஞாயிறு வரை ஏதாவது ஒரு பந்தயத்தில் நின்றே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கால் மறந்துவிடும் என்பது அவர்கள் கட்சி. எதிர்க் கோஷ்டி உடம்பைப் பருத்தியில் பொதிந்து வைக்கிற ரகம். மாடிப்படி ஏறக்கூட யோசிப்பார்கள். பக்கத்தில் யாராவது தும்மினால் இரண்டு அடி தள்ளி உட்காருவார்கள். மூன்றாவதாக ஒரு சிறு கூட்டம் உண்டு. பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பார்கள், எண் குத்திக்கொண்டு நிற்பார்கள், ஆனால் மாரத்தானில் ஓட நினைத்திருக்கும் வேகத்துக்கு மேல் ஒரு வினாடி கூட்ட மாட்டார்கள். முன்னால் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே பின்தங்க ஒரு தனி மனோதிடம் வேண்டும். அதனால்தான் கூட்டம் சிறிது.

வீரர் கோஷ்டி கையில் எப்போதும் சரித்திரம் இருக்கும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜாடோபெக் ஜூலை 20 அன்று 10,000 மீட்டரில் தங்கம் வென்றார், 24 அன்று 5,000 மீட்டரிலும் தங்கம். 27 அன்று அதுவரை வாழ்நாளில் ஓடியேயிராத மாரத்தானில் இறங்கி அதையும் வென்றார். 1976 மான்ட்ரியாலில் பின்லாந்தின் லாஸே விரென் செய்தது அதைவிட விபரீதம். 10,000 மீட்டர் தங்கத்துக்குப் பின் ஜூலை 30 அன்று 5,000 மீட்டர் தங்கம். மறுநாளே மாரத்தான். அவருக்கும் அதுதான் முதல் மாரத்தான். 2:13:10-இல் ஐந்தாவதாக வந்தார். அதே பந்தயத்தில் 2:16:22-இல் பதினோராவதாக வந்தவர் நம் சிவ்நாத் சிங்.

மேற்கோள்கள் சரி. அவற்றிலிருந்து எடுக்கிற பாடம்தான் சரியில்லை. ஜாடோபெக்கோ விரெனோ குறுந்தூர ஓட்டத்தை மாரத்தானுக்கு மருந்தாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் குறிவைத்தது அந்தப் பதக்கங்களையும்தான்; போட்டி அட்டவணை மாரத்தானைக் கடைசியில் வைத்திருந்தது. சிவ்நாத் சிங் கதையில் இன்னும் உருப்படியான சங்கதி இருக்கிறது. மாரத்தான் ஓட்டக்காரராகப் பெயர் வாங்குமுன் அவர் 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 5,000 மீட்டர் தங்கமும் 10,000 மீட்டர் வெள்ளியும் வென்றவர். 1978 மே மாதம் ஜலந்தரில் அவர் ஓடிய 2:12:00 நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் யாருக்கும் எட்டவில்லை. குறுந்தூர வேகம் மாரத்தானுக்கு உதவும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்த வேகம் வருடக்கணக்கில் ஊறி வந்தது. கடைசிப் பதினைந்து நாளில் கடைச்சரக்காக வாங்கியது அல்ல.

மும்பையிலேயே நடந்தது இன்னொன்று. 2016-இல் நிதேந்திர சிங் ராவத்துக்கு வேகம் பிடித்துக் கொடுக்கத் துணையாக ஓட வந்தார் கேரளத்தின் டி. கோபி. அன்றைக்கு அவர் 10,000 மீட்டர்காரர். பாதியில் ஒதுங்கிக்கொள்ள வேண்டியவர் ஒதுங்கவில்லை. ராவத்துக்கு அடுத்ததாக வந்து, ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதியும் பெற்றுவிட்டார். அந்த ஆகஸ்டில் ரியோவில் 2:15:25, 25-ஆவது இடம். வீரர் கோஷ்டி இதையும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறது. கோபி அன்று எதையும் நிரூபிக்க வரவில்லை, இன்னொருவர் வேகத்துக்குக் கட்டுப்பட்டு ஓடினார் என்பதை மூன்றாவது கோஷ்டிதான் கவனித்திருக்கிறது.

சரி, சாமானியருக்கு வருவோம். ஒருவர் ஜனவரி முதல் ஞாயிறு 10 கி.மீ. ஓட்டத்தை 50 நிமிடத்தில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே பெருக்கினால் மாரத்தான் 3 மணி 31 நிமிடம் என்று வரும். அது அசட்டுக் கணக்கு என்று அவருக்கே தெரியும். அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் தந்த சூத்திரம் ஒன்று கைபேசியில் இருக்கும். தூரம் கூடும்போது வேகம் எவ்வளவு குறையும் என்று சொல்வது. அது 3 மணி 50 நிமிடம் என்கிறது. அவர் நெஞ்சு நிமிர்கிறது. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 27 வினாடி என்று மணிக்கட்டில் பதிந்துகொள்கிறார். சேதம் அங்கேதான் ஆரம்பம்.

ஏன் என்பதற்குப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் போதும். ஜனவரி நடுவில் மும்பையில் சூரியன் உதிப்பது ஏழேகால் மணி சுமாருக்கு. ஆறு மணிக்குத் தொடங்கும் 10 கி.மீ. ஓட்டத்தை 50 நிமிடக்காரர் முடிக்கும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்தப் பந்தயம் வெயிலைச் சந்திப்பதே இல்லை. மாரத்தான் அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால், ஐந்து மணி வாக்கில் தொடங்கினாலும், நாலு மணி நேரக்காரருக்குக் கடைசி ஒன்றேமுக்கால் மணி நேரம் சூரியனோடுதான். சின்ன ஓட்டம் சொல்வதெல்லாம் சூரியோதயத்துக்கு முந்தைய சமாச்சாரம். மும்பை மாரத்தானின் கதை தொடங்குவதே அதற்குப் பிறகு.

இந்தத் தடத்தைப் பகலில் ஒருமுறை டாக்ஸியில் போய்ப் பார்த்தால் விளங்கும். 2009-இல் திறந்த பாந்த்ரா-வொர்லி கடல் பாலத்தில் ஆண்டு முழுவதும் பாதசாரிகளுக்கு அனுமதி கிடையாது. இருசக்கர வண்டிக்கும் கிடையாது. மாரத்தான் நாளில் மட்டும் ஓடுபவர்களுக்குத் திறக்கிறது. தலைக்கு மேல் கம்பி வடங்கள், கீழே கருங்கடல், இருபுறமும் ஊரின் விளக்குகள். அதன்மீது ஓடும்போது யாருக்கும் தான் ஒரு சாம்பியன் என்றுதான் தோன்றும். வேகம் தானாகக் கூடும். மாஹிம், பிரபாதேவி வழியாகத் திரும்பும்போது வெளுத்துவிடும். ஹாஜி அலி தர்கா தண்ணீருக்கு நடுவே வெள்ளையாகப் பளபளக்கும். அதை ரசிக்கும் நிலையில் யாரும் இருப்பதில்லை.

பல ஆண்டுகளாக இந்த ஓட்டம் நடந்த தடத்தில் அதற்கப்புறம் வந்தது பெடர் ரோடு. லதா மங்கேஷ்கர் நெடுங்காலம் வாழ்ந்த தெரு. காரில் போனால் ஏற்றம் என்றே தெரியாது. 30 கி.மீ.க்கு மேல் ஓடிவிட்டு, வெயில் பிடரியில் அடிக்க, அதில் ஏறினால் இமயமலை. பங்களாவாசிகளும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் தெருவோரம் நின்று ஆரஞ்சுச் சுளை, பிஸ்கட், உப்பு, ஐஸ் கட்டி என்று நீட்டுவார்கள். மும்பையின் தாராள மனசு அந்த அரை மைலில் தெரியும். பத்து கிலோமீட்டர் நேரத்தை நம்பி முதல் பாதியில் வள்ளலாகச் செலவழித்தவர்கள் நடக்க ஆரம்பிக்கும் இடமும் அதுதான்.

அப்படியானால் பருத்தி கோஷ்டி சொல்வது சரியா? அதுவும் இல்லை. மூன்று மணிக்கு எழுவது, அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டால் வயிறு சண்டித்தனம் செய்யாது, புது ஷூ எங்கே கடிக்கும், வரிசையில் நின்று கழிப்பறைக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும், கூட்டத்தின் ஆரவாரத்தில் முதல் கிலோமீட்டரை எப்படி அடக்கி ஓடுவது, இவற்றை வீட்டு மொட்டைமாடியில் கற்க முடியாது. பந்தயத்தில் நின்றுதான் கற்க வேண்டும். அதற்காகவாவது ஒரு சின்ன ஓட்டம் தேவை. இரண்டு வாரம் முன்னால் என்றால் 10 கி.மீ. போதும். அரை மாரத்தான் என்றால் மூன்று, நான்கு வாரத்துக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. வருடக்கணக்காக ஓடிப் பழகியவர் இரண்டு வாரம் முன்னால் 10 கி.மீ.ஐ முழு வேகத்தில் ஓடினால் பெரிய மோசம் வராது. கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளாத வரையில். முதல் மாரத்தானுக்குப் போகிறவர் அந்த ஆசையை விட வேண்டும். எண் குத்திக்கொள்ளட்டும், நினைத்த வேகத்தில் ஓடட்டும், பதக்கத்தைக் கழுத்தில் போட்டுப் படமும் எடுத்துக்கொள்ளட்டும். கடைசி வாரத்தில் எந்தத் தூரமானாலும் பந்தயம் வேண்டாம். 5 கி.மீ.தானே என்று சொல்வார்கள். 5 கி.மீ.தான் எல்லாவற்றையும்விட வேகமானது; தொடைத் தசை பிடித்துக்கொள்வதற்குத் தூரம் தேவையில்லை, வேகம் போதும்.

கொல்கத்தா விஷயத்தில் என் தீர்ப்பு தாராளமானது. நான்கு வாரம் நல்ல இடைவெளி. ரெட் ரோட்டில் கொஞ்சம் பறந்துவிட்டு வரலாம். ஆனால் அங்கே எடுத்த நேரத்தை ஹௌராவிலேயே இறக்கி வைத்துவிட்டு ரயில் ஏற வேண்டும். 15 டிகிரியில், விமான ஓடுதளத்தில் கிடைத்த எண் அது. மும்பை மண்ணில் செல்லாது.

பந்தயத்துக்கு முந்தைய மூன்று நாளும் ஊர் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் கூடும். எண் அட்டை வாங்க. ஆறு மாதம் காலைப் பேணியவர்கள் அங்கே கடை கடையாக மணிக்கணக்கில் நிற்பார்கள். கடைசி வாரத்தில் 5 கி.மீ. ஓடலாமா என்று மருகியவர் இந்தக் கண்காட்சியில் அதைவிடக் கூடுதலாக நடந்துவிடுவார். இதைப் பற்றி எந்தக் கோஷ்டியும் விவாதித்து நான் கேட்டதில்லை.

மாரத்தானுக்கு ஒரு வாரம் பாக்கியிருக்கும் ஞாயிறு மரைன் டிரைவில் கூட்டம் சற்றுக் குறைவு. வீரர்களில் சிலர் எங்கேயோ பந்தயத்துக்குப் போயிருப்பார்கள். மிச்சமிருப்பவர்கள் எட்டு, பத்து கிலோமீட்டர் சோம்பலாக ஓடிவிட்டு, ஏழே கால் மணிக்குப் பின் சூரியன் கட்டடங்களுக்கு மேலே ஏறும் நேரம் பார்த்து, இன்னும் ஒரு இரண்டு கிலோமீட்டர் வேண்டுமென்றே ஓடுவார்கள். பிறகு தோபி தலாவ் பக்கம் நடந்து, 1904 முதல் இருக்கும் கயானியில் பன் மஸ்காவும் டீயும். மேஜையில் மணிக்கட்டுக் கடிகாரத்தைக் கழற்றிக் குப்புற வைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள்.